ஈரத்துணி ஊழியம்

வாசிக்க: எசேக்கியேல் 16:1-8, லூக்கா 2:1-12





வடகிழக்குப் பருவமழை நம் சேர்வராயன் மலையின்மேல் தங்கிவிட்டது. காலை பத்து மணியாகியும் சில்வர் ஓக் மரங்களை விட்டு மூடுபனி விலகுகிறதில்லை. காப்பிப் பழம் சிவக்கும் காலமும் இதுவே. இந்த நாட்களில் தோட்டத்துக் குடியிருப்புகளுக்குச் சென்றால், பிள்ளை பெற்ற வீடு எது என்று ஒருவரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. தாழ்வாரத்திலும் சன்னல் கம்பியிலும் கட்டிலின் விளிம்பிலும் சிறு சிறு துணிகள் தொங்கிக்கொண்டிருக்கும். தொட்டுப் பார்த்தால் நேற்றுத் தோய்த்ததும் இன்று தோய்த்ததும் ஒன்றுபோலவே ஈரமாயிருக்கும்.

அப்படிப்பட்ட வீடுகளில் ஜெபித்து முடித்தபின், பாட்டியார் ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஐயா, பிள்ளைக்கு அடியெல்லாம் செவந்து புண்ணாயிருக்கு. அதுக்கும் ஒரு வார்த்தை ஜெபிச்சிடுங்க" என்று கேட்பது வழக்கம். இம்மாதத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் இதைக் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் மூலையில் அமர்ந்திருக்கும் இளந்தாயின் தலை இன்னும் சற்றுத் தாழ்ந்துபோகிறது. "இவள் சரியாய்ப் பார்த்துக்கொள்ளவில்லை" என்னும் பேச்சு அந்த வீட்டில் ஏற்கெனவே நடந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே இவ்வாரத் தியானத்தைச் சிசுக்களின் அரைத்துணியைப் பற்றியதாக வைத்துக்கொள்ளுகிறேன். இது தேவனுடைய பிள்ளைகள் தியானிக்கத்தக்க பொருளா என்று எவரேனும் நினைத்தால், இறுதிவரை பொறுமையோடு வாசிக்கும்படி வேண்டுகிறேன். நான் மருத்துவன் அல்லன். குழந்தை மருத்துவர்கள் பொதுவாக ஒப்புக்கொண்டு போதிப்பதையே இங்கே எடுத்துச் சொல்லுகிறேன்.

முதலாவது, இந்தப் புண் ஏன் வருகிறது? நாம் டயப்பர் புண் என்று சொன்னாலும், டயப்பர் அறியாத காலத்துப் பிள்ளைகளுக்கும் இது வந்தது. துணி மாத்திரம் கட்டுகிற பிள்ளைகளுக்கும் வருகிறது. அடிப்படைக் காரணம் ஈரம். பச்சிளம் சிசுவின் தோல் மிகவும் மெல்லியது. நெடுநேரம் ஈரத்தில் இருந்தால் அது ஊறித் தன் உறுதியை இழக்கிறது. ஊறிய தோல்மேல் துணி உரசும்போது எளிதில் கன்றிப்போகிறது. அதனோடு சிறுநீரும் மலமும் ஒன்றாய்க் கலந்தால் தீங்கு பெருகுகிறது. மலத்திலுள்ள நுண்ணுயிர்கள் சிறுநீரைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகின்றன. அதனால் தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைகிறது. அப்பொழுது மலத்திலுள்ள செரிமான நொதிகள் முன்னிலும் வேகமாய் அந்தத் தோலை அரிக்கின்றன. வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளைக்கு ஒரே இரவில் புண்ணாகிவிடுவது இதனாலேயே. தாய்ப்பால் மாத்திரம் குடிக்கிற சிசுவின் மலம் தோலை அவ்வளவாய் அரிப்பதில்லை என்பதும் இங்கே அறியத்தக்கது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதேயில்லை. அது பிள்ளைக்குப் பாதுகாப்பு.

ஆகவே பிரியமானவர்களே, இது தாய் சாப்பிட்ட உணவினால் வந்த சூடும் அல்ல, கண்ணேறும் அல்ல, ஒருவருடைய பாவத்தின் பலனும் அல்ல. ஈரத்தினால் வந்தது, ஈரம் நீங்கினால் போய்விடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு, தோலை உலர்வாக வைத்தால், இரண்டு மூன்று நாட்களில் குறையத் தொடங்குகிறது.

இவ்வளவு எளிதான காரியம் நம் மலையில் எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். பச்சிளம் சிசுவுக்கு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறையாவது துணி மாற்ற வேண்டியிருக்கிறது. மூன்று நாட்கள் வெயில் இல்லாவிட்டால் முப்பதுக்கு மேற்பட்ட துணிகள் ஈரமாய்க் கிடக்கும். சேலத்தில் மொட்டைமாடியில் போட்ட துணி மதியத்திற்குள் காய்ந்துவிடும். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் நாம் குடியிருக்கிறோம். இங்கே மழைக்காலத்தில் காற்றே ஈரமாயிருக்கிறது. காய்ந்த துணி கையிருப்பில் இல்லாத தாய் இரண்டில் ஒன்றைச் செய்கிறாள். அரைகுறையாய்க் காய்ந்த துணியையே கட்டுகிறாள். அல்லது நனைந்ததை மாற்றாமல் இன்னும் சற்று நேரம் விடுகிறாள். கடையில் விற்கும் டயப்பரை வாங்குகிற குடும்பத்திலும் இதே நெருக்கம் உண்டு. ஒரு நாளைக்கு எட்டுப் பத்து டயப்பர் என்றால் அது தினக்கூலியில் ஒரு பெரும் பங்கு. ஆகையால் காலையில் கட்டியதை மாலைவரை விட்டுவைக்கிறார்கள். இதைக் கவலையீனம் என்று பெயரிடுவது நியாயமல்ல. காய்ந்த துணி இல்லாமையே அந்த வீட்டின் நோய்.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்லுகிறேன். தாய்மாரும் பாட்டிமாரும் மாத்திரமல்ல, தகப்பன்மாரும் இதைக் கவனமாய் வாசிக்க வேண்டும்.

துணி நனைந்தவுடனே மாற்றுங்கள். மலம் கழித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். டயப்பர் கட்டுகிறவர்கள் அது நிரம்பும்வரை காத்திராமல், இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். டயப்பரே தீயது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. ஈரத்தை உள்ளே உறிஞ்சி வைத்துக்கொள்ளுகிற நல்ல டயப்பர், காயாத துணியைவிடத் தோலை உலர்வாக வைக்கும். மழை இரவுகளில் அதைப் பயன்படுத்துகிற தாயைக் குறைசொல்ல வேண்டாம். இறுக்கிக் கட்டாமல், காற்று உள்ளே போகுமளவுக்குத் தளர்வாகக் கட்டுவது நல்லது. துணிக்கு மேல் பிளாஸ்டிக் உறையைக் கட்டினால் படுக்கை நனையாது. ஆனால் பிள்ளையின் தோல் வெந்துபோகும். கழற்றிய டயப்பரை மலைச்சரிவில் எறியாதிருங்கள். குரங்குகள் அதைக் கிழித்து வழியெங்கும் இறைக்கின்றன. நீரோடை நம் யாவருக்கும் பொதுவானது.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான நீரும் மிருதுவான பருத்தித் துணியும் போதும். வாசனை சேர்த்த ஈரத்தாள்கள் புண்ணான தோலில் எரிச்சலை உண்டாக்கும். பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். ஆண் குழந்தையின் முன்தோலை இழுத்துக் கழுவ வேண்டாம். கழுவியபின் தேய்க்காமல், துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுங்கள். தொடையிடுக்கும் மடிப்புகளும் உலர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

பின்பு சிறிது நேரம் அந்த இடத்தைக் காற்றாட விடுங்கள். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் விட்டாலும் பெரும் பலன் உண்டு. ஆனால் நம் ஊர்க் குளிரில் ஒரு எச்சரிக்கை வேண்டும். பச்சிளம் சிசுவின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். அது புண்ணைவிடப் பெரிய ஆபத்து. ஆகவே கதவைச் சாத்தி, பிள்ளைக்குத் தொப்பியும் காலுறையும் அணிவித்து, மார்பையும் வயிற்றையும் போர்த்தி, இடுப்புக்குக் கீழே மாத்திரம் திறந்துவிட்டுத் தாயின் மடியிலோ மார்பிலோ வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு காய்ந்த துணியை மடித்துப் போட்டால் போதும்.

தோல் உலர்ந்தபின் அதன்மேல் ஈரம் படாதபடி ஒரு திரை வேண்டும். துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு, அல்லது வாசனை சேராத பெட்ரோலியம் ஜெல்லி, இவற்றில் ஒன்றைத் தடிப்பாகப் பூசுங்கள். அடுத்த முறை மாற்றும்போது அழுக்கான மேற்பகுதியை மாத்திரம் மெதுவாய் எடுத்துவிட்டு, மேலும் சிறிது பூசினால் போதும். முழுவதும் சுரண்டித் துடைத்தால் ஆறிவருகிற தோலும் கூட வந்துவிடும்.

துணி தோய்க்கும்போது சோப்புத்தூள் முற்றிலும் போகும்வரை இரண்டு மூன்று நீரில் அலசுங்கள். கிருமிநாசினித் திரவத்தில் ஊறவைத்து அப்படியே பிழிந்து போடுவது பலருக்கு வழக்கமாயிருக்கிறது. துணியில் தங்கும் அந்த மருந்தும் தோலை எரிக்கும். வெயில் இல்லாத நாட்களில் வீட்டுக்குள்ளே உயரமாய்க் கொடி கட்டிக் காயப்போட்டு, கடைசியில் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தெடுங்கள். எஞ்சிய ஈரமும் போய்விடும். விறகடுப்பின் புகைக்கு நேரே தொங்கவிட வேண்டாம். சாம்பிராணிப் புகையில் துணியையோ பிள்ளையையோ காட்டவும் வேண்டாம். அந்தப் புகை சிசுவின் நுரையீரலுக்கு ஆகாது.

இப்பொழுது தவிர்க்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். நம் வீடுகளில் பாட்டிமாரின் அன்பு பெரிது. அவர்கள் கைப்பக்குவத்தால் வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் வசம்பை அரைத்துப் பூசுவதும், மஞ்சளை அப்புவதும், புண்ணின்மேல் பவுடரைக் கொட்டுவதும் வேண்டாம் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்ளுகிறேன். எசேக்கியேலின் 16ஆம் அதிகாரத்தில், பிறந்த நாளிலே வெளியே எறியப்பட்ட ஒரு சிசுவைக் காண்கிறோம். அதைக் குளிப்பாட்டவும், உப்பால் தேய்க்கவும், துணியில் சுற்றவும் ஒருவரும் இல்லாதிருந்தார்கள் என்று தீர்க்கதரிசி இரங்கிச் சொல்லுகிறார். சிசுவுக்கு உப்புத் தேய்ப்பது அக்காலத்து வழக்கம். வேதத்தில் எழுதியிருக்கிறதே என்று இன்று நம்மில் ஒருவரும் அப்படிச் செய்வதில்லை. வழக்கங்கள் மாறுகின்றன, அந்த வழக்கங்களுக்குள்ளே இருந்த அன்பு மாறாமல் நிற்கிறது.

பவுடரைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். குலுக்கிப் போடும்போது எழும்புகிற மெல்லிய தூளைச் சிசு மூச்சோடு உள்ளே இழுத்துக்கொள்ளுகிறது. அது நுரையீரலைத் தாக்கக்கூடும். மடிப்புகளில் தங்கிய பவுடர் ஈரத்தோடு சேர்ந்து கட்டிபட்டு உரசவும் செய்யும். உலக அனுபவமும் நமக்கு ஒரு கசப்பான பாடத்தை வைத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில், ஹெக்சாகுளோரோஃபீன் என்னும் கிருமிக்கொல்லி தவறுதலாக மிக அதிக அளவில் கலந்துவிட்ட ஒரு குழந்தைப் பவுடரால் 36 குழந்தைகள் உயிரிழந்தார்கள். தங்கள் பிள்ளையின் தோலைக் காக்க வேண்டும் என்றே அந்தத் தாய்மார் அதைப் பூசினார்கள். முன்னொரு காலத்தில் போரிக் அமிலத் தூளை இந்தப் புண்ணுக்குப் போட்டு, அது உடலில் ஊறி மாண்ட சிசுக்களும் உண்டு. புண்ணான தோல் ஒரு திறந்த வாசல் போன்றது. அதன்மேல் போடுவதெல்லாம் உள்ளே போகிறது.

இன்னொரு ஆபத்து இக்காலத்தில் நமக்கு மிக அருகில் இருக்கிறது. பூஞ்சைக்கும் கிருமிக்கும் அரிப்புக்கும் ஒரே மருந்து என்று விற்கப்படுகிற கலவைக் களிம்புகளில், வீரியமிக்க ஸ்டீராய்டு சேர்ந்திருப்பது உண்டு. பூசிய மறுநாளே சிவப்பு மறைந்துவிடும். அதனால் நல்ல மருந்து என்று ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளுகிறார்கள். ஆனால் அது தோலை மெலியச்செய்யும், பூஞ்சையை மறைத்து வளர்க்கும். டயப்பருக்குள் மூடப்பட்ட தோல்வழியாக அதிகமாய் உடலில் சேரவும் செய்யும். பெரியவர்களின் படைக்கு வாங்கிய களிம்பைச் சிசுவுக்குப் பூசாதிருங்கள். மருத்துவர் பிள்ளையைப் பார்த்து எழுதிக்கொடுக்காத எந்தக் களிம்பும் அந்த இடத்திற்கு வேண்டாம்.

எப்பொழுது மருத்துவரிடம் போக வேண்டும்? சாதாரண ஈரப்புண் புடைத்த பகுதிகளில் வரும். ஆழ்ந்த மடிப்புகளை அநேகமாய் விட்டுவிடும். மடிப்புகளுக்குள்ளேயே கருஞ்சிவப்பாகப் படர்ந்து, அதைச் சுற்றிலும் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் தெறித்தாற்போல் இருந்தால், அது பூஞ்சையாக இருக்கலாம். பிள்ளையோ பாலூட்டும் தாயோ நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்ட பின்பு இது வருவதுண்டு. வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெண்படலமும் கூடவே காணப்படலாம். இதற்குப் பூஞ்சைக்கான மருந்து தேவை; காற்றும் களிம்பும் மாத்திரம் போதாது. இரண்டு மூன்று நாட்களில் குறையாத புண்ணையும் காட்டிவிடுங்கள். கொப்புளமோ சீழோ இரத்தமோ கண்டாலும், பிள்ளையின் உடல் சுட்டாலும் அல்லது வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்திருந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், சோர்ந்து கிடந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், 108க்கு அழையுங்கள். மருத்துவமனையில் பிறந்த சிசுவை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீடு தேடி வந்து பார்க்கிற ஏற்பாடு 2011 முதல் நம் தேசத்தில் இருக்கிறது. அப்படி வருகிற சகோதரியிடம் எடையை மாத்திரம் காட்டி அனுப்பிவிடாமல், துணியை அவிழ்த்து இந்த இடத்தையும் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெட்கம் என்னும் இந்த வார்த்தையைக் கொண்டே நம் விசுவாசத்தின் ஆழத்துக்குப் போகலாம்.

இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்னும் ஒருவர் எழும்பினார். தேவன் மனுஷ சரீரத்தில், ஒரு ஸ்திரீயின் வயிற்றில் பிறந்தார் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. பிரசவத்தின் இரத்தமும் அசுத்தமும் தேவ மகிமைக்குத் தகாதவை என்று எண்ணினார். கார்த்தேஜ் பட்டணத்துத் தெர்த்துல்லியன், கிறிஸ்துவின் மாம்சத்தைக் குறித்து எழுதிய நூலில் அவருக்கு மறுமொழி கொடுத்தார். கழுவித் துணியில் சுற்ற வேண்டிய சிசுவைக் கண்டு நீ அருவருக்கிறாய். அப்படியானால் நீயும் பிறந்த விதத்தையே அருவருக்கிறாய். கிறிஸ்துவோ அப்படிப் பிறக்கிற மனுஷனையே நேசித்தார் என்பது அவருடைய வாதத்தின் சாரம். திருச்சபை மார்சியோனின் பக்கம் நிற்கவில்லை. நம் ஆண்டவர் சரீரத்தில் வந்தார் என்று நாம் அறிக்கையிடுகிறோம். அப்படி அறிக்கையிடுகிறவர்கள், பெத்லகேமில் அவரைச் சுற்றிய துணிகளும் நனைந்தன என்பதையும், மரியாள் அவற்றைத் தோய்த்தாள் என்பதையும், மந்தைவெளியின் குளிர் இரவில் அவை எளிதாய்க் காய்ந்திராது என்பதையும் அறிக்கையிடத் தயங்கக் கூடாது. மேய்ப்பர்களுக்குத் தூதன் கொடுத்த அடையாளத்தை நினைத்துப் பாருங்கள். கிரீடமோ நட்சத்திரமோ அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. துணிகளில் சுற்றப்பட்ட ஒரு சிசுவே அடையாளம். உலகத்தின் இரட்சகரை ஓர் அரைத்துணியைக் கொண்டு கண்டுகொள்ளும்படி பரலோகம் சொல்லியது!

இன்னொரு சாட்சியையும் கேளுங்கள். 1522ஆம் ஆண்டில் மார்ட்டின் லூத்தர் திருமண வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அப்பொழுது அவருக்குத் திருமணமும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. அதில் அவர் ஒரு தகப்பனைக் காட்டுகிறார். அவன் தன் பிள்ளையின் அழுக்குத் துணியைத் தோய்க்கிறான். அண்டை வீட்டார் அவனைப் பெண்மைத்தனமுள்ள பேதை என்று நகைக்கிறார்கள். அவனோ அதை விசுவாசத்தோடு செய்கிறான். அவனைக் கண்டு தேவன் தம்முடைய தூதர்களோடும் சிருஷ்டிகளோடும் மகிழ்ந்து புன்னகை செய்கிறார் என்கிறார் லூத்தர். துணியைத் தோய்த்ததைக் காட்டிலும், அதை விசுவாசத்தில் செய்ததே தேவனைப் பிரியப்படுத்தியது என்பது அவருடைய போதனை. ஐந்நூறு ஆண்டுகள் கடந்தன. நம் சபையின் ஆண்மக்களே, மழையில் தோய்கல்லின் முன்னே உங்களைக் கண்டு எவரேனும் சிரித்தால், மேலே யார் புன்னகைக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்பொழுது என் உள்ளத்தில் உள்ள பாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஒரு வீட்டுக்குப் போய், பிள்ளையைப் பார்த்து, "ஏம்மா இப்படி விட்டுட்டே?" என்று கேட்டுவிட்டுக் காப்பி குடித்து வந்தால், அந்த வீட்டில் ஒரு துணியும் காயாது. வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனைப் பார்த்துக் குளிர்காய்ந்து பசியாறு என்று சொல்லி வெறுங்கையாய் அனுப்புகிறவனைப் பற்றி யாக்கோபு தம் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் கேட்கிற கேள்வி நம்மையும் பார்த்தே கேட்கப்படுகிறது. உலர்ந்த தோல் வேண்டுமானால் உலர்ந்த துணி வேண்டும். இந்த மலையில், இந்த மாதங்களில், ஒரு சிசுவுக்கு வேண்டிய உலர்ந்த துணியை ஒரே ஒரு தாயின் இரண்டு கைகள் கொடுக்க முடியாது. பிரசவித்த உடம்பு ஆறுமுன்னே குளிர்ந்த தண்ணீரில் நின்று தோய்க்கிறவள் அவள். இரவில் நான்கு முறை எழுந்து பாலூட்டுகிறவளும் அவளே. மற்றவர்கள் பழம் பறிக்கப் போய்விட்ட பகற்பொழுதில் தனியே இருக்கிறவளும் அவளே. ஒருவர் பாரத்தை மற்றொருவர் சுமக்க வேண்டும் என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதினாரே. அந்தப் பாரம் நம் ஊரில் ஒரு வாளி ஈரத்துணியாய் இருக்கிறது.

ஆகையால் இம்மழைக்காலத்துக்குச் சில காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

பழைய பருத்தி வேட்டியும் நூல் சேலையும் எல்லாருடைய பெட்டியிலும் உண்டு. பலமுறை தோய்த்து மிருதுவான துணியே சிசுவுக்குச் சிறந்தது. அவற்றைக் கொதிநீரில் அலசி, காயவைத்துக் கொண்டுவாருங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அவற்றை அளவாய் வெட்டி, பிள்ளை பெறப்போகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாற்பது துணிகள் கொண்ட ஒரு மூட்டையாகக் கட்டுவார்கள். 2015இல் நம் அரசு தொடங்கிய குழந்தைநலப் பரிசுப்பெட்டகத்தில் பதினாறு பொருள்களில் ஒன்றாக அரைத்துணியையும் சேர்த்தார்கள். அரசு நினைத்துப்பார்த்ததைச் சபை நினையாதிருக்கலாமா?

துணி பிழியும் இயந்திரமும் இஸ்திரிப் பெட்டியும் உள்ள வீட்டார் அருகிலுள்ள ஒரு சிசுவின் துணிகளைப் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஈரமாய் வாங்கி, மாலையில் உலர்த்திக் கொடுங்கள். மலைக்கிராமங்களிலும் தோட்டத்து வரிசை வீடுகளிலும் இருக்கிறவர்களுக்காக, சபை மண்டபத்தின் பின்னறையில் கொடிகள் கட்டி மின்விசிறியும் வைக்கும்படி குருசேகரக் குழுவினரிடம் கேட்டிருக்கிறேன். ஆலய வளாகத்தில் அரைத்துணிகளா என்று கேட்பவர்கள் முன்னணையை நினைவுகூருங்கள்.

ஞானஸ்நான ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் ஒரு வார்த்தை. விடியற்காலையில் கட்டிய டயப்பரோடு, பட்டும் ஜரிகையுமாகச் சிசுவை அலங்கரித்து, ஆராதனை முடிந்து, புகைப்படம் எடுத்து, விருந்து முடியுமட்டும் ஒருவரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. இனி ஆலயத்தின் பக்க அறையில் ஒரு பெஞ்சும், விரிப்பும், பிளாஸ்கில் வெந்நீரும் வைக்கப்பட்டிருக்கும். ஆராதனை நடுவே பிள்ளையை எடுத்துக்கொண்டு எழுந்துபோகிற தாயைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவளும் ஆராதனையே செய்கிறாள்.

ஏசாயாவின் 66ஆம் அதிகாரத்தில் தேவன் தம்மைத் தேற்றுகிற தாய்க்கு ஒப்பிடுகிறார். தாயின் தேற்றரவு ஒருமுறை கொடுத்து முடிகிறதல்ல. துடைத்த இடம் மறுபடியும் நனையும். அவள் மறுபடியும் துடைப்பாள். இன்று பன்னிரண்டு முறை, நாளைக்கும் பன்னிரண்டு முறை. கணக்கு வைத்துக்கொண்டு, "இத்தனை முறை ஆயிற்று, இனிமேல் முடியாது" என்று எந்தத் தாயும் சொல்லுகிறதில்லை. நம்மை இந்நாள்மட்டும் கழுவிவந்த கிருபையும் அப்படிப்பட்டதே. அந்தக் கிருபையைப் பெற்றவர்கள் ஒரு வாளியைத் தூக்கத் தயங்கலாமா?

ஜெபிப்போம்:

துணிகளில் சுற்றப்பட்டவராய் எங்களிடத்தில் வந்த ஆண்டவரே, இம்மலையில் பிறந்த ஒவ்வொரு சிசுவையும் உமது கரத்தில் ஒப்புவிக்கிறோம். கன்றிப்போன மெல்லிய தோலை ஆற்றியருளும். நித்திரையின்றிச் சோர்ந்த தாய்மாருக்குப் பெலன் தாரும். அவர்கள்மேல் சுமத்தப்பட்ட பழியை நீக்கும். தகப்பன்மாரின் கைகளைத் தண்ணீருக்குப் பழக்கும். நோயைக் கண்டறியும் மருத்துவர்களையும், மழையில் வீடு வீடாய் நடக்கும் செவிலியரையும் ஆசீர்வதியும். எங்கள் வீட்டு அனலும் எங்கள் வீட்டுக் காய்ந்த துணியும் எங்களுக்கு மாத்திரம் உரியவை என்று எண்ணாதபடி எங்கள் இருதயத்தைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், பிதாவே. ஆமென்.